முதலில் போட வேண்டிய கடிதம்

புரூஃபைப் பார்த்து முடித்து, ஒரு மணிக்குக் கூரியர்க்காரர் வரும்போது கவரை ஒட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு வேலை. இதற்குப் போய்க் காலையிலிருந்து நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்காருவானேன் என்று தமயந்தி டீச்சருக்கு விளங்கவில்லை. நேற்றுச் சாப்பிட்ட கொத்தவரங்காய் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் வெளியே கேட்கிற மைக் சத்தம் என்று நினைத்தாள். ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேற்றியாகிவிட்டது. தெருமுனைக் கம்பத்தில் கட்டிய குழாய்க்குள்ளிருந்து ஒருத்தன் அரைமணி நேரமாக ஹலோ ஹலோ என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அந்த ஆள் வந்தபாட்டைக் காணோம். அடுத்த வீட்டு வேம்பு பூத்துக் கொட்டுகிறது. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் தாளெல்லாம் வேப்பம்பூ. முப்பத்தொரு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவள், தவளையையும் கரப்பானையும் அறுத்து அறுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியவள், ஒரு பூவுக்கு இப்படி எரிச்சல்படலாமா என்று தன்னையே அதட்டிவிட்டு, வாயால் ஊதித் தள்ளினாள். அது போய்ச் சிவப்புப் பேனாவின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கசப்பு வாசனை மட்டும் போகாமல் அங்கேயே இருந்தது.

புத்தகத்தின் பெயர் ‘எலுமிச்சம்பழத்துக்குக் கண் இல்லை’. அறிவியலையும் நம்பிக்கையையும் பற்றி இருபத்திரண்டு கட்டுரை, எல்லாம் ஒரு மாதப் பத்திரிகையில் மும்மூன்று பக்கமாக வந்தவை. ஆயிரம் பிரதி ஒரே வருஷத்தில் தீர்ந்துபோனதில் பதிப்பாளர் மருதமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெண்டாம் பதிப்புக்குக் கடைசியில் எட்டுப் பக்கம் வாசகர் கருத்து போடுவோம் டீச்சர், ஒரு கடிதத்துக்கு அஞ்சு வரி, குடும்பக் கதை கிடம்பக் கதையெல்லாம் வேண்டாம், நீங்களே சுருக்கித் தந்துடுங்க என்று சிவகாசியிலிருந்து போன் போட்டுச் சொன்னார். சுருக்குவதற்கு அவளுக்குச் சொல்லியா தர வேண்டும். அடிஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்தால் கை நடுங்காது, அடித்த வரி அடித்ததுதான். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தர் கிரகணக் கட்டுரைக்குப் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். கிரகணத்தன்றைக்குச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தன் சொந்த வயிற்றையே சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார், பாவம். அதில் மிஞ்சியது மூன்று வரி. ஒரு கல்லூரிப் பெண், பல்லி விழுந்த பலன் பார்ப்பதை விட்டுவிட்டேன், ஆனால் பல்லிக்குப் பயப்படுவதை விடமுடியவில்லை என்று எழுதியிருந்தாள். அதை அப்படியே வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு கார்டு. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பென்சில் எழுத்து. ‘அம்மாவைப் பழிச்சு எழுதிட்டே. உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ எழுதினது வேற யாரு வீட்டு வாசல்லயோ போய் நிக்கும்.’ வந்த அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள். அதில் ஒரு வீம்பு. இப்போது எதற்கோ நிமிர்ந்தபோது அந்தக் கார்டு கண்ணில் பட்டது, சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சே, என்ன இது, என்று வாய்விட்டே சொன்னாள்.

புரூஃபில் முதல் கடிதம் சங்கரபாண்டியனுடையது. சாத்தூர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு. அதன் தலையில் ‘முதலில் போடவும்’ என்று எழுதிக் கோடிட்டு அனுப்பியவளே அவள்தான். அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ‘டீச்சர் அவர்களின் அம்மை பற்றிய கட்டுரை என் கண்ணைத் திறந்தது. 74ஆம் பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை நானே என் கையால் அறுத்தெறிந்தேன். இதைவிட ஓர் எழுத்தாளருக்கு என்ன வெற்றி வேண்டும்?’ நல்லாத்தான் எழுதியிருக்கிறார் மனுஷன். ஆனால் அம்மைக் கட்டுரை நாற்பத்தேழாம் பக்கம் அல்லவா? எழுபத்துநாலில் பூனை குறுக்கே போகிறது. அச்சுக்கோத்தவன் திருப்பிப் போட்டானா, அவரே தப்பாக எழுதினாரா? அசலைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. பைலைப் பிரித்து அவருடைய கடிதத்தை எடுத்தாள். நாற்பத்தேழு என்றுதான் எழுதியிருந்தார், தெளிவாக, அரசாங்கக் கையெழுத்தில். திருத்தியாயிற்று. எடுத்த கையோடு கடிதத்தை உள்ளே வைத்திருக்க வேண்டியதுதானே? வைக்கவில்லை. தன் சிவப்புக் கோடுகளுக்கு அடியில் கிடந்த வரிகளைச் சும்மா, தான் எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறோம் என்று பார்க்கிற மாதிரி, பார்த்தாள். வீடு கூட்டிக்கொண்டிருந்த சீனியம்மா விளக்குமாற்றோடு வந்து நின்று, “என்ன டீச்சர் எழுதிருக்காக, வாசிங்க, நானும் கேக்குறேன்” என்றாள். கடிதம் வந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம்தான். டீச்சர் கோடு அடித்ததையே வாசித்தாள். ‘பேரனுக்கு அம்மை போட்டு மூன்றாம் நாள். மகள் சுடர்க்கொடிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வளைகாப்பு. அம்மா இறங்கியிருக்கிற வீட்டுக்குள் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டக்கூடாது, தள்ளிப்போடு என்று சொந்தக்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். நான் உங்கள் கட்டுரையை உரக்க வாசித்துக் காட்டினேன். வேப்பிலையை அறுத்தேன். குறித்த நாளில் குறித்த இடத்தில் வளைகாப்பு நடந்தது. அத்தைக்கு வளையல் போட்டுவிட்டதே என் பேரன்தான். மகள் இப்போது பிரசவத்துக்காக எங்களோடுதான் இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் இதற்குமுன் யாருக்கும் அம்மை கண்டதில்லை, அது சுத்தத்தால், பக்தியால் அல்ல.’

சீனியம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். “அம்மா எறங்குன வீட்டுக்கு மாசமா இருக்கிற பிள்ளையக் கூட்டிட்டுப் போனாகளா? எந்த அறிவுகெட்டவன் டீச்சர் அது?” என்றாள். அப்படியெல்லாம் சொல்லாதே, அவர் படித்தவர் என்றாள் டீச்சர். “படிச்ச ஆளா இருந்தா என்ன? எங்க ஊர்ல அந்தப் பக்கம் எட்டிப்பாக்க விடமாட்டாக. இலையப் பாத்ததும் பால்காரர்கூட வாசலோட பாலை வச்சிட்டுப் போயிருவாரு. அதுக்குத்தான் கட்டுறது” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கூட்டப் போய்விட்டாள். அதுக்குத்தான் கட்டுறது. பால்காரர் வாசலோடு போவதற்கு. டீச்சர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். வேப்பிலைக்கு வைரஸைக் கொல்லும் சக்தி கிடையாது என்று எழுதியவள், கொப்புளம் தெரிவதற்கு முன்னாலேயே வைரஸ் மூச்சில் பரவும் என்று போர்டில் எழுதிப்போட்டவள், அந்த இலை ஆளை வாசலில் நிறுத்துகிறது என்கிற ஒரு விஷயத்தை எப்படி விட்டாள்? விட்டாளா? இல்லை, விடவில்லை. எழுதியிருந்தாள். முதல் பிரதியில் கடைசிக்கு முந்தின பாரா அதுதான். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று மேலே சொன்னது குழந்தைகளுக்குத்தான், பெரியவர்களுக்குக் கடுமை, கர்ப்பிணிக்கு நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகலாம், நோய்கண்ட வீட்டுப் பக்கமே போகக்கூடாது, போய்விட்டால் பத்து நாளைக்குள் ஓர் ஊசி உண்டு, உடனே டாக்டரிடம் போங்கள் என்று. பத்திரிகைக்கு ஒரு பாரா கூடுதலாக வந்தது. அந்தப் பாராவை எடுத்தால் கட்டுரை ‘வேப்பிலைக்குத் தெரியாது, வைரஸுக்கு விசிட்டிங் கார்டு வேண்டாம்’ என்கிற ஜோக்கில் ஜம்மென்று முடிந்தது. எடுத்தாள். அடிஸ்கேல், சிவப்பு மை. புத்தகமாக வரும்போது சேர்க்கலாம் என்று நினைத்திருந்தாள், மறந்துபோனாள். கை வெட்டியதை அன்றைக்கே புத்தியும் வெட்டிவிட்டது.

என்றைக்கு வளைகாப்பு? கடிதத்தில் தேதி இருந்தது. சுவரில் தினசரிக் காலண்டர் இருந்தது, ஆனால் கிழித்த தாளை எங்கே போய்ப் பார்ப்பது, விரலை மடக்கித்தான் எண்ண வேண்டும். ஞாயிறு வளைகாப்பு. செவ்வாய் கடிதம் எழுதுகிறார். வெள்ளிக்கிழமை அவள் கைக்கு வருகிறது, அது ஐந்தாம் நாள். வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்தாள்? நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரெண்டாவது தடவை காபி போட்டுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம். ஒருத்தன் தன் எழுத்தைப் படித்துவிட்டு வேப்பிலையை அறுத்திருக்கிறான் என்று ரூமுக்குள்ளேயே நடந்தாள். உட்கார்ந்து கோடு இழுத்தாள், சனிக்கிழமை சிவகாசிக்குத் தபாலில் போட்டாள். ஐந்தாம் நாள் ஒரு போன் போட்டிருந்தால் ஊசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இன்றைக்கு என்ன, புதன். பதினேழாம் நாள். பதினாலிலிருந்து பதினாறுக்குள் கொப்புளம் வரும் என்று பிள்ளைகளைப் பாட்டாகவே பாட வைத்தவள். பதினேழு. வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும், இன்றைக்கு நாலாம் நாள், நெஞ்சில் இறங்குவதென்றால் இப்போதுதான். அட, எதற்கு இப்படிப் பதறுகிறோம், எல்லாருக்கும் தொற்ற வேண்டும் என்று சட்டமா? சின்ன வயசில் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே வந்திருக்கும், வந்தவர்களுக்கு மறுபடி வராது. அப்பாடா என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. உடனே அந்த வரி குறுக்கே வந்து நின்றது, எங்கள் வீட்டில் இதற்குமுன் யாருக்கும் அம்மை கண்டதில்லை. பெருமை. அந்தப் பெருமையைத்தான் தேவையில்லாத வரி என்று அடித்தோம். குழாய்க்குள்ளிருந்து அவன் இன்னும் ஹலோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. மருதமுத்து. “டீச்சர், புரூஃப் ஆச்சா? அந்தச் சாத்தூர்க்காரர் கடிதத்தப் பின் அட்டையிலயே போட்டுறலாம்னு பாக்குறேன். வேப்பிலைய அறுத்தெறிந்தேன்னு சிவப்பு எழுத்துல. என்ன சொல்றீங்க?” அவள் சங்கரபாண்டியனின் கடிதத்தைக் கையில் எடுத்தாள். “டீச்சர்?” அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள். கடிதத்தின் அடியில் பத்து இலக்கம் இருந்தது. கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டு என்னவென்று கேட்பது? நன்றாக இருக்கிறாள் என்றால் சிரித்துவிட்டு வைக்கலாம். நன்றாக இருக்கிறாளா என்று கேட்பதே ஒரு சந்தேகத்தை அந்த வீட்டுக்குள் அனுப்புவதாக ஆகாதா? பயமுறுத்துவது தப்பு என்றுதானே இருபத்திரண்டு கட்டுரை? இதெல்லாம் சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. கேட்காமல் இருக்கிறவரை அந்தப் பெண் ஒரு மாதிரி நன்றாக இருப்பாள், அவ்வளவுதான் விஷயம். அடுப்படியில் சீனியம்மா குழம்பு தாளிக்கப் போனாள், கடுகு வெடித்தது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஒன்பது வயசில் அவர்கள் வீட்டிலும் தாளிக்கவில்லை. தம்பி கண்ணப்பனுக்கு ஆறு வயசு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். உள்ளே போகக்கூடாது என்று அவளைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். டாக்டரைக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் இறங்கியிருக்கிற அம்மாவுக்குக் கோபம் வரும். அப்பா டாக்டரைக் கூப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு கோடு நகர்வதற்குள் தம்பி எத்தனை மூச்சு விடுகிறான் என்று எண்ணினாள். அறுபத்தொன்று. அதுக்கப்புறம் எண்ணவில்லை, எண்ண ஒன்றும் இல்லாமல் போனது. அந்தக் கதவைத்தான் ஐம்பத்தெட்டு வருஷமாக உதைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மைக் கட்டுரையைக் கோபத்தில் எழுதினாள், ஒரே மூச்சில், கண்ணைத் துடைத்துத் துடைத்து. அந்தக் கோபத்தில் இன்னொரு வீட்டுக் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். வேப்பிலை போதும் என்று நம்பினார் அப்பா. வேப்பிலை வேண்டாம் என்றால் போதும் என்று நம்பியிருக்கிறார் சங்கரபாண்டியன். ரெண்டு பேருமே டாக்டரைக் கூப்பிடாத ஆட்கள்தானோ? கடவுளே. கடவுளே என்று சொன்னது தான்தானா என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, நம்பரை அழுத்தினாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“வணக்கம், யாரு?”

“நான் தமயந்தி. விருதுநகர்லருந்து. நீங்க எனக்கு லெட்டர் போட்டிருந்தீங்க.”

“டீச்சரா, நீங்களா பேசுறீங்க.” குரல் எழுந்து நிற்கிற மாதிரி ஆனது. “என் லெட்டரப் போடுறீகளா டீச்சர்?”

“உங்க மக எப்படி இருக்கா?”

அவர் சிரித்தார். “ஞாயித்துக்கிழமை லேசா நாலு கொப்புளம் கண்டுச்சு. இப்ப ஒடம்பு பூரா வந்திருச்சு. வந்தா என்ன டீச்சர்? இவ அம்மாதான் வேப்பிலை கட்டணும்னு கெடந்து அழுவுறா, நான் ஒத்த இலைய உள்ள விடல. மருமகன் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு குதிச்சாரு. நாப்பத்தேழாம் பக்கத்த எடுத்து வாசிச்சுக் காட்டினேன். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பேச்சு மூச்சில்ல அவர்கிட்ட.”

“மூச்சு எப்படி இருக்கு அவளுக்கு?”

“நேத்துலருந்து கொஞ்சம் எளைக்கி. மாசமா இருக்கிற பிள்ளைக்கு எளைக்கத்தானே செய்யும்.”

சொன்னால் இருபத்திரண்டு கட்டுரையும் போய்விடும் என்று தோன்றியது, போனால் போகட்டும் என்றும் தோன்றியது. “சங்கரபாண்டியன், அந்தப் பக்கத்துல நான் எழுதினது தப்பு.”

“இல்ல டீச்சர், சரியாத்தான் இருக்கு. நான் மூணு தரம் வாசிச்சேன்.”

“முழுசா எழுதல. மாசமா இருக்கிறவங்களுக்கு அது தானாப் போகாது, நெஞ்சுல எறங்கும். எனக்குத் தெரியும். எழுதி வச்சிருந்தேன், எடம் பத்தலன்னு நானே வெட்டினேன். மருந்து இருக்கு. இந்த நிமிஷம் நூத்தியெட்டக் கூப்பிட்டு அவளப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. மாசமா இருக்கு, அம்மை, மூச்சு எளைக்குதுன்னு சொல்லுங்க. யோசிக்காதீங்க.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் தரையில் வைக்கிற சத்தம். அவர் மறுபடி பேசியபோது குரல் மிகவும் சிறுத்துப்போயிருந்தது. “இத நீங்க புத்தகத்துலயே போட்டிருக்கலாமே டீச்சர்.”

“ஆமா” என்றாள். “போட்டிருக்கணும்.”

“ஏட்டி, உன் போனக் கொண்டா. நூத்தியெட்டுக்குப் போடணும்” என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. ஓர் அழுகை கிளம்பி அடங்கியது. “டீச்சர், லைன்ல இருங்க, புள்ளகிட்ட குடுக்குறேன். நீங்களே ஒரு வார்த்த தைரியம் சொல்லுங்க.” போன் கை மாறியது. துணி உரசியது. அப்புறம் மூச்சு. பேச்சுக்கு முன்னால் மூச்சுதான் வந்தது.

“டீச்சர்.” ஓர் இழுப்பு. “வேப்பிலை ஒரு கொத்து.” இன்னொன்று. “தலமாட்டுல வச்சுக்கிடவா? அப்பா விட மாட்டேங்காரு.” ரெண்டு இழுப்பு. “நீங்க சொன்னா விடுவாரு.”

ஜன்னலுக்கு வெளியே மரம் அசையாமல் நின்றது. தமயந்தி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“வச்சுக்கோம்மா. கையிலயே வச்சுக்கோ. வண்டி வந்ததும் இலையோடயே ஏறிரு, என்ன? யாரு என்ன சொன்னாலும் ஏறிரு. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. இப்பப் பேசாத. போனக் காதுலயே வச்சிரு.”

காதில் மூச்சு மட்டும் வந்தது. வாசலில் மணி அடித்தது. கூரியர்க்காரர் வந்திருக்காரு டீச்சர், கவர எடுத்துக் குடுத்துரவா என்று சீனியம்மா கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சுவரில் கடிகாரம் இருந்தது, விநாடி முள் பன்னிரண்டைத் தாண்டும்வரை காத்திருந்தாள். நிமிஷத்துக்குப் பதினாறிலிருந்து இருபது மூச்சு வரை சரி என்று முப்பத்தொரு வருஷம் போர்டில் எழுதியிருக்கிறாள். ஒன்று, ரெண்டு, மூன்று என்று உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தாள். முள் சுற்றி வந்தபோது நாற்பத்துநாலு. தப்பாக எண்ணியிருக்கலாம். போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. நாற்பத்தாறு.